ஃபுளோரிடாவில் வீடு வாங்குகிறீர்களா? கூரையை முதலில் பாருங்கள்

டாம்பாவிலோ ஜாக்சன்வில்லிலோ வேலை நிலைத்து, சொந்த வீடு தேடத் தொடங்கும் நம்மவர்கள் விசாரிக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளிக்கூடம் எப்படி, அலுவலகம் எவ்வளவு தூரம், வாசல் எந்தத் திசை, வட்டி எத்தனை சதவீதம். இன்சூரன்ஸ் என்பது பத்திரம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, கடன் தரும் வங்கி கேட்கும்போது நினைவுக்கு வருகிற சங்கதி. ஒஹாயோவிலிருந்தோ இலினாயிலிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். ஃபுளோரிடாவில் இந்த வரிசை உதவாது. இங்கே வீட்டையும் காப்பீட்டையும் சேர்த்தேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே விலைக்கு வருகிற இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரும்; மற்றதை எந்தத் தனியார் நிறுவனமும் தொடாது. காரணம் பெரும்பாலும் கூரையில் இருக்கும்.

அதனால் பிடித்த வீட்டின் முகவரி கையில் கிடைத்த அன்றே, விலை பேசுவதற்கு முன்பே, ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் அதைக் கொடுத்து உத்தேசப் பிரீமியம் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ஒப்பந்தம் போட்ட பிறகு கிடைக்கிற ஆய்வுக் காலத்துக்குள், அதாவது பணத்தை இழக்காமல் பின்வாங்க முடிகிற அந்தச் சில நாட்களுக்குள், உறுதியான விலையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று

புதிதாக வருகிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது. சாதாரண வீட்டுக் காப்பீடு, இங்கே எச்.ஓ.-3 என்று சொல்கிற பாலிசி, புயல் காற்றால் வரும் சேதத்துக்குப் பணம் தரும். தரையில் ஏறி வரும் வெள்ளத்துக்குத் தராது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தாலும், ஏரி நிரம்பி வழிந்தாலும், மழைநீர் வடியாமல் கூடத்துக்குள் புகுந்தாலும் எல்லாம் வெள்ளக் கணக்குதான். அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி கரை கடந்தது ஃபுளோரிடாவின் வடக்குப் பகுதியில் உள்ள பிக் பெண்ட் கரையில். டாம்பா வளைகுடாவிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால். ஆனாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஷோர் ஏக்கர்ஸ் போன்ற தாழ்வான குடியிருப்புகளில் கடல் நீர் வீடுகளுக்குள் ஏறியது. கூரை அப்படியே இருக்க, உள்ளே தரையும் சுவரும் சோபாவும் உப்புத் தண்ணீரில் நனைந்தன. அந்த மாதிரி வீட்டில் காற்றுக்கான பாலிசியை மட்டும் வைத்திருந்தவருக்கு அதனால் பயன் இல்லை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 9 அன்று மில்டன் சியஸ்டா கீ அருகே கரை கடந்து, அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ட்ராபிகானா ஃபீல்டு பேஸ்பால் அரங்கத்தின் கூரைத் துணியைக் கிழித்தெறிந்தது. ஒரே ஊர், ஒரே பருவம். முதலில் தண்ணீர், பிறகு காற்று.

மழையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காற்று கூரையையோ சன்னலையோ உடைத்து, அந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே வந்தால் எச்.ஓ.-3 ஏற்கும். எதுவும் உடையாமல் சன்னல் இடுக்கு வழியாகக் கசிந்து வந்த தண்ணீருக்கு வழக்கமாக ஏற்காது.

வெள்ளக் காப்பீட்டில் பெரும்பங்கு 1968-ல் தொடங்கிய கூட்டரசுத் திட்டமான என்.எஃப்.ஐ.பி. மூலம் நடக்கிறது, ஃபெமா என்ற கூட்டரசுப் பேரிடர் முகமை நிர்வகிக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1 லட்சம் டாலர். பொருட்களுக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கட்டடத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிடுவார்கள். வீடு நனைந்து நீங்கள் ஹோட்டலில் தங்க நேர்ந்தால் அந்தச் செலவை என்.எஃப்.ஐ.பி. தராது. தனியார் வெள்ளப் பாலிசிகள் சிலவற்றில் அது உண்டு, வரம்பும் கூடுதலாக இருக்கும். ஆகையால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டால் வீடு எந்த மண்டலம் என்று தெரியும். ஏ.ஈ., வி.ஈ. போன்ற, ஏ அல்லது வி என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலங்களில், அரசு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கியில் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வி என்றால் அலையே வந்து மோதுகிற இடம். எக்ஸ் மண்டலத்தில் கட்டாயமில்லை. இந்தக் 'கட்டாயமில்லை' என்பதைத்தான் பலர் 'தேவையில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். வங்கி தன் கடனுக்காகப் போடும் நிபந்தனை அது. மண்டலம் பார்த்துத் தண்ணீர் வருவதில்லை. 2021 அக்டோபரில் புதிய விலை முறை வந்த பிறகு மண்டல எழுத்தைவிட, வீடு நீர்நிலையிலிருந்து எவ்வளவு தூரம், தரைமட்டம் எவ்வளவு உயரம் என்பவையே என்.எஃப்.ஐ.பி. பிரீமியத்தைத் தீர்மானிக்கின்றன. எக்ஸ் மண்டலத்து வீட்டுக்கு ஒரு முறை விலை கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் அப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வெள்ளச் சேதத்துக்காகக் காப்பீட்டில் க்ளெய்ம் செய்திருக்கிறாரா, அரசு உதவி பெற்றிருக்கிறாரா என்பதை வீடு விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். அடுத்து, அவரிடம் என்.எஃப்.ஐ.பி. பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பழைய சலுகை விலை அதோடு சேர்ந்து வரக்கூடும். புதிதாக எடுத்தால் கிடைக்காது.

கூரையின் வயது, ஆணிகளின் கணக்கு

நம் ஊர் மொட்டை மாடி கான்கிரீட் வீட்டில் வளர்ந்தவருக்கு இங்கத்திய கூரை முதலில் புரியாது. ஃபுளோரிடாவில் தரைத்தளச் சுவர் பெரும்பாலும் கான்கிரீட் கல்லில் இருக்கும். அதன் மேல் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் மரப் பலகை, அதற்கு மேல் ஷிங்கிள் அல்லது ஓடு அல்லது தகடு. காற்று இந்தத் தொகுப்பைக் கீழிருந்து மேலாகத் தூக்கப் பார்க்கும். காப்பீட்டு நிறுவனத்தின் கேள்வியெல்லாம் கூரை சுவரோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதுதான்.

முதலில் கூரையின் வயது. விற்பவர் "போன வருடம்தான் மாற்றினோம்" என்று சொன்னால் போதாது. கூரை மாற்ற கவுண்டி அல்லது நகராட்சி அனுமதி வேண்டும், அந்த அனுமதிப் பதிவை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அனுமதி எண்ணும் தேதியும்தான் நிறுவனத்துக்குச் சாட்சி. 15 ஆண்டுக்குக் குறைவான கூரை என்றால் வயதை மட்டும் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்கக்கூடாது என்று 2022-ல் சட்டம் வந்தது. அதைத் தாண்டிய கூரையாக இருந்தால், இன்னும் குறைந்தது 5 ஆண்டு தாங்கும் என்று ஆய்வாளர் சான்று தர வேண்டும். நடைமுறையில் 15-ஐத் தாண்டிய ஷிங்கிள் கூரையுள்ள வீட்டுக்குப் போட்டி குறைந்து விலை ஏறும். வீட்டு விலையைக் குறைத்துப் பேச அதுவே நல்ல பிடி.

அடுத்து, ஆய்வுகள். வீட்டின் பொது ஆய்வோடு இரண்டு தனி அறிக்கைகளையும் அதே ஆய்வாளரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளுக்கு 'ஃபோர் பாயின்ட்' அறிக்கை: கூரை, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், ஏசி. மின்பெட்டி ஃபெடரல் பசிபிக் அல்லது ஜின்ஸ்கோ என்றிருந்தாலோ, 1978-லிருந்து 1995 வரை பரவலாகப் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய் இருந்தாலோ பல நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும்.

இரண்டாவது, காற்றுத் தாங்குதிறன் அறிக்கை. ஆங்கிலத்திலேயே 'விண்ட் மிட்டிகேஷன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பிரீமியத்தைக் குறைக்க இதைப் போல் வேறொரு தாள் இல்லை. இதில் உள்ள அம்சங்களுக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அறிக்கை 5 ஆண்டு வரை செல்லும். ஆய்வாளர் பரணில் தவழ்ந்து போய் மரச்சட்டம் சுவரைச் சேரும் இடத்தைப் புகைப்படம் எடுப்பார். அங்கே வெறும் ஆணி சாய்வாக அடித்திருந்தால் கடைசி மதிப்பெண். உலோகப் பட்டை இருந்து, சட்டத்தில் குறைந்தது 3 ஆணிகள் இறங்கியிருந்தால் 'கிளிப்' என்று ஒரு படி மேலே. பட்டை சட்டத்தின் தலையைச் சுற்றி மறுபக்கமும் ஆணி வாங்கியிருந்தால் இன்னும் மேலே. பழைய வீடுகளில் பட்டை இருக்கும், ஆணி இரண்டுதான் இருக்கும். அந்த ஓர் ஆணிக்காக வீடு ஒரு படி கீழே இறங்கிவிடும். தச்சரை வைத்து மூன்றாவது ஆணியை எல்லாச் சட்டங்களிலும் அடித்துக்கொள்வது இங்கே ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

கூரையின் வடிவத்துக்கும் மதிப்பெண் உண்டு. நான்கு பக்கமும் சரிந்த கூரைக்குச் சலுகை அதிகம். முக்கோணச் சுவர் எழும்பும் கூரையில் காற்று முட்டும் என்பதால் குறைவு. சன்னல், கதவுப் பாதுகாப்பில் கண்ணாடி உள்ள திறப்புகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும். பத்துச் சன்னலுக்கு இரும்பு ஷட்டர் போட்டு, குளியலறைச் சன்னல் ஒன்றை விட்டுவிட்டால் முழுத் தள்ளுபடி போய்விடும். வீடு வாங்குமுன் ஷட்டர் பலகைகளை கராஜில் எண்ணிப் பார்ப்பது வீண் வேலையில்லை.

ஆண்ட்ரூ சூறாவளி 1992-ல் ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கிய பிறகுதான் மாநிலம் முழுவதற்குமான கட்டட விதி உருவாகி, 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் கட்டிய வீட்டுக்கு இந்த அம்சங்களில் பாதி தானாகவே அமைந்திருக்கும். பழைய வீடு வாங்கியே தீருவேன் என்கிறவர்கள், குடியேறிய பிறகு மாநில அரசின் 'மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்' திட்டத்தைப் பார்க்கலாம். இலவச ஆய்வும், தகுதியிருந்தால் பலப்படுத்தும் வேலைக்கு 10,000 டாலர் வரை மானியமும் உண்டு. வருமான நிபந்தனைகள் இருக்கின்றன. ஒதுக்கிய நிதி தீர்ந்தால் காத்திருக்க வேண்டும்.

டிடக்டிபிள்: டாலரில் எழுதிப் பாருங்கள்

பாலிசியின் முதல் பக்கத்தில் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளில் தொகைகள் இருக்கும். ஏ என்பது வீட்டுக் கட்டடம். பி தனியாக நிற்கும் வேலி, கொட்டகை. சி உள்ளே உள்ள பொருட்கள். டி வீடு வசிக்க முடியாமல் போகும்போது வெளியே தங்கும் செலவு. ஈ உங்கள் மீது யாராவது வழக்குப் போட்டால், எஃப் விருந்தாளி விழுந்து அடிபட்டால். ஏ தொகை வீட்டின் சந்தை விலை இல்லை. மனைக்குக் காப்பீடு கிடையாது. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டுமே. ஆகையால் 4.8 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு ஏ 3.6 லட்சம் என்று வந்தால் பதற வேண்டாம். அதற்காக பிரீமியம் குறையட்டும் என்று அதை இன்னும் வெட்டச் சொல்லாதீர்கள்.

இப்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். டிடக்டிபிள், அதாவது நிறுவனம் பணம் தருவதற்கு முன் சேதத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, இரண்டு இருக்கும். குழாய் வெடித்தாலோ தீப்பிடித்தாலோ 1,000 அல்லது 2,500 டாலர் போன்ற நிலையான தொகை. சூறாவளிக்கு வேறு; அது சதவீதம், அதுவும் சேதத்தில் சதவீதம் இல்லை, ஏ தொகையில். 3.6 லட்சத்தில் 2 சதவீதம் என்றால் 7,200 டாலர்; 5 என்றால் 18,000; 10 என்றால் 36,000. புயலில் 15,000 டாலருக்குக் கூரை சேதமானால், 5 சதவீதக்காரருக்கு நிறுவனம் தருவது பூஜ்யம். ஏஜென்ட் அனுப்பும் தாளில் '5%' என்று சின்னதாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே பேனாவால் டாலர் தொகையை எழுதுங்கள். அந்தப் பணத்தை ஒரு மாதத்துக்குள் புரட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் அந்தப் பாலிசி எத்தனை மலிவானாலும் உங்களுக்கானது இல்லை. 2-க்கும் 5-க்கும் பிரீமியத்தில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஆண்டுக்கு முந்நூறு டாலர் மிச்சத்துக்காகக் கூடுதலாக 10,800 டாலர் பொறுப்பை ஏற்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை. 10 சதவீதத்தை எப்படியும் பல வங்கிகள் ஒப்புக்கொள்ளாது.

தேசிய சூறாவளி மையம் ஃபுளோரிடாவின் ஏதாவது ஒரு பகுதிக்கு சூறாவளிக் கண்காணிப்பு அல்லது எச்சரிக்கை அறிவித்த நேரத்திலிருந்து, கடைசி எச்சரிக்கை விலகி 72 மணி நேரம் வரை நடக்கும் சூறாவளிக் காற்றுச் சேதத்துக்கு இந்தப் பெரிய டிடக்டிபிள் பொருந்தும். ஒரே நிறுவனத்தில் இருந்தால் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறைதான் கட்ட வேண்டும். அதனால் முதல் புயலில் சேதம் டிடக்டிபிளைத் தொடாவிட்டாலும் நிறுவனத்துக்குத் தெரிவித்து, ரசீதுகளை வைத்திருங்கள். அதே ஆண்டில் இரண்டாவது புயல் வந்தால் அந்தத் தொகை கழியும்.

உள்பக்கங்களில் தேட வேண்டியவை

கூரைக்குப் பணம் எந்தக் கணக்கில் தருவார்கள் என்று பாருங்கள். புதிதாகப் போடும் செலவு முழுவதுமா, அல்லது வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்தா? தேய்மானக் கணக்கில், பதினைந்து வயதான கூரைக்குக் கிடைப்பது புதுக் கூரையின் விலையில் சிறு பகுதியாக இருக்கும். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருக்கும் பாலிசிகளில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

பிறகு, கட்டட விதிக்கான கூடுதல் பாதுகாப்பு. 1985-ல் கட்டிய வீடு பாதி இடிந்தால் இன்றைய விதிப்படித்தான் திரும்பக் கட்ட விடுவார்கள். அந்தக் கூடுதல் செலவுக்கு ஏ தொகையில் 25 அல்லது 50 சதவீதம் தேர்ந்தெடுக்கலாம். பழைய வீட்டுக்கு 50-ஐ எடுங்கள். நீச்சல் குளத்தைச் சுற்றிய வலைக்கூண்டு இருந்தால் அது பாலிசியில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். புயலில் முதலில் பறப்பது அதுதான், பல பாலிசிகள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

தங்கம். வழக்கமான எச்.ஓ.-3 பாலிசியில் நகை திருட்டுக்கு வரம்பு பெரும்பாலும் 1,500 டாலர். அம்மா கொடுத்த வளையலும் கல்யாண ஆரமும் சேர்ந்தால் நம் வீடுகளில் எதற்கு அது காணும்? புயலுக்காக வீட்டைப் பூட்டிவிட்டு அட்லாண்டாவுக்குக் கிளம்பும் நாட்களில்தான் இது உறைக்கும். நகைகளை மதிப்பீடு செய்து தனிப் பட்டியலாகப் பாலிசியில் சேருங்கள், அல்லது வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

டாம்பாவுக்கு வடக்கே பாஸ்கோ, ஹெர்னாண்டோ கவுண்டிகளில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: சுண்ணாம்புப் பாறை கரைந்து நிலம் உள்வாங்கும் பகுதி அது. வீடு வசிக்கவே முடியாத அளவுக்கு நிலம் சரிந்தால் எல்லாப் பாலிசியும் ஏற்க வேண்டும். சுவரில் விரிசல் விடும் அளவிலான பாதிப்புக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால் பாலிசி எச்.ஓ.-6. வெளிக்கட்டடம் சங்கத்தின் பொறுப்பு, உள்ளே உங்கள் பொறுப்பு. சங்கத்தின் டிடக்டிபிளை எல்லோரும் பகிர வேண்டிவரும்போது உதவும் பிரிவுக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சம் 2,000 டாலர். அது பத்தாது, கூட்டிக் கேளுங்கள்.

எந்த நிறுவனம்?

விளம்பரத்தில் பார்க்கும் பெரிய பெயர்கள் பல இங்கே புது வீட்டுப் பாலிசி எழுதுவதைக் குறைத்துவிட்டன. கிடைப்பவை பெரும்பாலும் ஃபுளோரிடாவிலேயே இயங்கும் சிறிய நிறுவனங்கள். அவற்றில் சில 2022-ல் அடுத்தடுத்து மூடின. இயன் சூறாவளிக்குப் பின் 2023 பிப்ரவரியில் யுனைடெட் பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவால்ட்டி நிறுவனமும் திவாலானது. அதனால் நிதிநிலை மதிப்பீட்டைக் கேளுங்கள். மாநில உரிமம் பெற்ற நிறுவனம் விழுந்தால், ஃபிகா என்ற உத்தரவாத அமைப்பு வீட்டு க்ளெய்ம்களுக்கு 5 லட்சம் டாலர் வரை பொறுப்பேற்கும். அந்த உரிமம் இல்லாமல் இயங்கும் 'சர்ப்ளஸ் லைன்ஸ்' வகை நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வேறு வழியே இல்லாத கடலோர வீட்டுக்கு அது சரி. சாதாரண வீட்டுக்கு அதை முதலிலேயே நீட்டும் ஏஜென்டை மாற்றுங்கள்.

யாரும் எடுக்காத வீட்டுக்கு மாநிலம் உருவாக்கிய சிட்டிசன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனம் ஒன்று சிட்டிசன்ஸ் விலையைவிட 20 சதவீதத்துக்குள் கூடுதலாகக் கேட்டாலும் அந்தத் தனியார் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். சிட்டிசன்ஸில் சேர்பவர்களுக்கு வெள்ளப் பாலிசியும் படிப்படியாகக் கட்டாயமாகிறது. 2027 முதல், அடுக்குமாடி அலகுகள் நீங்கலாக, காற்றுப் பாதுகாப்பு வாங்கும் எல்லா வீடுகளுக்கும். சிட்டிசன்ஸில் விலை ஒப்பிடும்போது அந்தப் பிரீமியத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

ஒரே நிறுவனத்தின் பாலிசியை விற்கும் ஏஜென்ட் ஒருவரையும், பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் ஏஜென்ட் இருவரையும் கேட்டால் சந்தை தெரிந்துவிடும். மூவரிடமும் ஒரே ஏ தொகை, ஒரே டிடக்டிபிள், ஒரே கூரைக் கணக்கு என்று சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் உண்மையில் மலிவானது எது என்று தெரியாது, தொகை குறைவானது எது என்றுதான் தெரியும்.

நேரம்

சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயல் ஒன்று மாநிலத்தை நோக்கித் திரும்பியதும் நிறுவனங்கள் புதுப் பாலிசி எழுதுவதையும் தொகையை மாற்றுவதையும் நிறுத்திவிடும். பாலிசி இல்லாமல் வங்கி பணம் தராது. லாரியில் சாமான் ஏற்றிய நிலையில் பத்திரம் தள்ளிப்போகும். ஆகஸ்ட், செப்டம்பரில் வீடு முடிப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பே பாலிசியை உறுதி செய்யச் சொல்லுங்கள். வெள்ளப் பாலிசிக்கு வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு. கடன் வாங்கி வீடு முடிக்கும்போது எடுத்தால் அது பொருந்தாது. அந்தச் சமயத்தை விட்டுவிட்டு, டிவியில் புயலைப் பார்த்த பிறகு எடுத்தால் முப்பது நாளும் எண்ணியாக வேண்டும்.

குடியேறிய வாரத்திலேயே ஒவ்வோர் அறையையும், அலமாரி திறந்து, வீடியோ எடுத்து இணையச் சேமிப்பில் போட்டுவையுங்கள். சேதம் நடந்தால் ஓர் ஆண்டுக்குள் க்ளெய்ம் தெரிவிக்க வேண்டும். வெள்ளப் பாலிசிக்கு 60 நாளில் இழப்புக் கணக்கைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். புயலுக்கு மறுநாள் வாசலில் வந்து, "கையெழுத்துப் போடுங்கள், இன்சூரன்ஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கூரைக்காரரிடம் க்ளெய்ம் உரிமையை எழுதிக்கொடுப்பது 2023 முதல் வழங்கப்பட்ட பாலிசிகளில் செல்லாது. அவரை அனுப்பிவிட்டு, படம் எடுத்து, தார்ப்பாய் போட்டு, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் அதே கோப்பில் வையுங்கள்.